பட்டனுக்கு ஒரு சிவப்பு

இணையப் பக்கம் வடிவமைக்கும் வகுப்பில் அன்றைக்கு நிறப் பாடம். வீட்டில் தினமும் கண்ணில் படும் ஏதாவது ஒன்றைப் படமெடுத்து வரச் சொல்லியிருந்தார் ஜெசிந்தா மிஸ். படத்தில் எந்த இடத்தைத் தொட்டாலும் அந்த நிறத்துக்கான எண்ணைக் கணினி சொல்லிவிடும். அந்த நிறங்களிலேயே ஒரு பக்கம் செய்ய வேண்டும். மற்றவர்கள் பட்டுப்புடவையையும் செம்பருத்தியையும் எடுத்து வந்தார்கள். நான் என் மேல்கையை எடுத்திருந்தேன். முந்தாநாள் என் வீட்டுக்காரர் பெல்ட்டால் அடித்த இடம் ஊதா. போன வாரத்து அடி பச்சை. அதற்கும் முந்தையது மஞ்சள். மிக அருகில் வைத்து எடுத்ததால் கை என்றே தெரியவில்லை. ஒரு கேக் கடைக்கான இணையப் பக்கம் செய்தேன். அந்த மஞ்சள் அதற்கு அவ்வளவு அழகாக இருந்தது.

மிஸ் என் திரையை எல்லோருக்கும் காட்டினார். "இவ்வளவு பொருத்தமா எங்க புடிச்ச, வேதா?"

"வீட்லதான் மிஸ்."

"ஆர்டர் பட்டன் மட்டும் எடுப்பா தெரியல. நல்ல சிவப்பா ஒண்ணு வேணும்."

"நாளைக்கு எடுத்துட்டு வரேன் மிஸ்."

வீடு திரும்பியபோது எங்கள் தெருவில் சாணை பிடிப்பவர் கூவிக்கொண்டு போனார். அவரை நிற்கச் சொல்லிவிட்டு, உள்ளே போய்க் கறி வெட்டும் கத்தியை எடுத்து வந்தேன்.