மூடுபனியில் ஒன்பது பேர்

மண்டி மொஹல்லா கடைத்தெருவின் மாலை இரைச்சலில், பூட்டுக்கடை மேசைமேல் கிடக்கும் கைப்பேசியைப் பார்த்தபடியே நிற்கிறாள் மாரக்காள். வீடியோ அழைப்பில் திரை முழுக்க வெள்ளை. அயர்லாந்துக் குன்றுகளில் வழிகாட்டியோடு நடைப்பயணம் போயிருக்கும் மகள் வினிதா, "பனி எறங்கிருச்சும்மா, பாதையே தெரியல" என்றாள். அதற்குமேல் காற்றுதான் கேட்கிறது. பிறகு வழிகாட்டி தன் ஐரிஷ் மொழியில் ஆட்களை எண்ணத் தொடங்குகிறார். வினிதாவோடு ஒன்பது பேர். ஒவ்வொரு சொல்லுக்கும் மாரக்காள் ஒரு விரலை மடக்குகிறாள். எட்டு விரல் மடங்கியதும் குரல் நின்றுவிடுகிறது.

"என்ன புள்ள ஆச்சு?" என்கிறார் கணவர் பசவராஜ்.

"செத்த பேசாம இருங்க."

தெருவில் ஆட்டோக்கள் ஹாரன் அடிக்கின்றன. ஒன்பதாவது விரல் மடங்காமல் நிற்கிறது. வழிகாட்டியின் அடுத்த சொல், ஐரிஷில் ஒன்பதைக் குறிக்கும் சொல், "நீ" என்றே அவள் காதில் விழுகிறது.

"இங்கதான் நிக்கறேம்மா" என்கிறாள் வினிதா. திரை இன்னும் வெள்ளையாகவே இருக்கிறது.