பார்த்தவர்கள் பட்டியல்

"எடுத்துடுங்க மிஸ், அவர் பார்க்கறதுக்குள்ள."

"ஏத்தினதை அழிக்க என்னால முடியாதுங்க. தலைமை மிஸ்தான் அழிக்கணும், அவங்க கிளம்பிட்டாங்க."

மழலையர் வகுப்பின் குட்டி நாற்காலியில், முழங்கால் முகவாயை இடிக்க, அம்மா உட்கார்ந்திருக்கிறாள். பெற்றோர் பார்க்கும் பள்ளிச் செயலியில் ஏற்றிய இன்றைய காணொளி ஆசிரியையின் டேப்லெட்டில் ஓடுகிறது. அதில் மகள் பொம்மை வீட்டுக் கதவுக்கு மரக்கட்டைகளை முட்டுக்கொடுத்துவிட்டுப் பொம்மையின் வாயைப் பொத்துகிறாள். "உஷ், அப்பா வந்தாச்சு." அதன் கீழே ஆசிரியை பெருமையோடு எழுதியிருக்கிறாள்: கற்பனைத் திறன், மிக நன்று. சாயங்கால வெயில் ஜன்னல் கம்பிகளின் நிழலைத் தரையில் நீளமாகக் கிடத்துகிறது. மகள் அதன்மேல் உட்கார்ந்து செருப்பைக் கால் மாற்றி மாட்டிக்கொண்டிருக்கிறாள். பார்த்தவர்கள் பட்டியலில் அம்மாவின் பெயருக்குக் கீழே அப்பாவின் பெயர் வந்து உட்காருகிறது. அம்மாவின் கைபேசி அதிரத் தொடங்குகிறது. அவள் அதைக் கவிழ்த்துவைக்கிறாள்.

"மிஸ், இன்னைக்கு மட்டும் எங்களை உங்க வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறீங்களா?"