ஐந்தாவது பூட்டு

கோணாமலை அண்ணன் நெல் காயவைக்கும் மெசினுக்குள் நிற்பது தெரியாமல் யாரோ சுவிட்சைப் போட்டார்கள். அவர் இறந்த பிறகுதான் எங்கள் அரிசி ஆலையில் பாதுகாப்புப் பயிற்சி வைத்தார்கள். உள்ளே இறங்குகிறவர் தன் பெயர் எழுதிய பூட்டை மெயின் சுவிட்சில் போட வேண்டும். ஒரு பூட்டுத் தொங்கினாலும் சுவிட்சைப் போட முடியாது. போட்டவர்தான் கழற்ற வேண்டும்.

நேற்றுத் துப்புரவு முடிந்து நாங்கள் நான்கு பேரும் பூட்டுகளைக் கழற்றினோம். ஐந்தாவதாக ஒன்று தொங்கியது. அதில் கோணாமலை என்று எழுதியிருந்தது.

"உள்ள ஆரும் இரிக்காங்களா பாருங்க," என்றார் மேற்பார்வையாளர் சாலிஹ்.

புதிதாய்ச் சேர்ந்த அஜந்தா, பூட்டுப் போட மறந்து உள்ளே கூட்டிக்கொண்டிருந்தாள்.

வெளியே வந்து, விசயம் அறிந்து, சுவிட்சின் முன்னால் நின்றாள். "நான் வந்திட்டன் அண்ணன். பெரிய உபகாரம்."

பூட்டு திறந்துகொண்டது. தொட்டுப் பார்த்தேன். கைச்சூடு இன்னும் ஆறவில்லை.