தேய்ந்த கப்பி

"பெல்ட்தான் பிழை, கீச்செண்டு கத்துறது அதுதான்..."

"பெல்ட்டில ஒரு பிழையுமில்லை, நீ கண்டதையும் உள்ளுக்கை திணிச்சு..."

"திணிச்சனான்தான். பள்ளிக்கூடத்தில இடம்பெயர்ந்து இருக்கிற சனத்தின்ர குழந்தைத் துணியள். மழை விடேல்லை. ஈரத்தைச் சுத்தினால் பிஞ்சுகள் தாங்குங்களோ?"

கலிஸ்ரா நனைந்த துணிக்கூடையைப் புருசன் அனிஸ்ரன் பக்கம் தள்ளினாள். உடுப்பு காயவைக்கிற அந்த மெசினை வெளிநாட்டிலிருந்து அனுப்பியவன் அவன்தான். ஆள் வந்து சேர்ந்தது நேற்றுத்தான்.

அனிஸ்ரன் பின்தகட்டைக் கழற்றி, பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கிற சின்னக் கப்பியை எடுத்தான். பள்ளம் தேய்ந்து, விளிம்பும் போயிருந்தது.

"கடைக்காரன் பழசைப் புதுசெண்டு என்ர தலையில கட்டிப்போட்டான். வீட்டுத் துணிக்கு இப்பிடித் தேயாது."

"வள்ளத்துப் பாய்க் கப்பி ஒண்டு கிடக்கு. ஏசினது போதும், அதைப் போடுங்கோ."

போட்டான். தகட்டைப் பூட்டிவிட்டுப் பழக்கத்தில் பிளக்கைத் தேடினான்.

"வயர் எங்கை?"

"அதை வெளியில உடுப்புக் காயப்போடக் கொடியாக் கட்டியிருக்கிறன். மெசின் வந்த வருசமே ஊரில கறண்ட் நிண்டுபோச்சு."

அவள் சிரட்டைக்கரித் தணலை அடியில் தள்ளி, துணிகளைப் போட்டு மூடினாள். மூலையில் கிடந்த சைக்கிள் பெடலை உருளையில் மாட்டி, இரண்டு கையாலும் சுற்றத் தொடங்கினாள். மெசின் சத்தமில்லாமல் ஓடியது.

 அவன் உள்ளங்கையில் கிடந்த தேய்ந்த கப்பியைப் பார்த்தான். அவளுடைய தோளைப் பார்த்தான்.

"கலிஸ்ரா, இவ்வளவையும் தேய்ச்சது உன்ர கையோ?"