கட் சொல்லாத ஷாட்

“கைய எடுடா! அத அழிச்ச, உன்ன வெட்டிப் போட்டுருவேன்!” கார்குழலி தம்பியின் மணிக்கட்டை இறுக்கிப் பிடிக்கிறாள். “ஐயோ அக்கா, அது நெஜ ரத்தம். அத எப்படி ஊருக்குக் காட்றது?” என்கிறான் இனியவன். ரெட்டியார்பாளையத்து மாடி அறையில் மதிய வெயிலை மறைக்க ஜன்னலில் போர்வை தொங்குகிறது. தெருக்காரர்களை நடிக்க வைத்து அவன் எடுத்த கொலைப்படம் கம்ப்யூட்டரில் ஓடுகிறது. வரிசையாகக் கழுத்துகள் அறுபடுகின்றன. சுவரெல்லாம் ரோஸ்மில்க் நிறப் போலி ரத்தம். கொலைகாரனின் ரப்பர் கத்தி நெஞ்சில் பட்டதும் வாழைப்பழத்தோல் மாதிரி மடங்குகிறது. அதனால்தான் கடைசிக் கொலைக்கு நிஜக் கத்தி கொண்டுவந்தார்கள். திரையில் கார்குழலி அதைக் கையால் தடுக்கிறாள். உள்ளங்கை பிளக்கிறது. கருஞ்சிவப்பு முழங்கை வரை வழிகிறது. அவள் அலறலில் ஸ்பீக்கர் கரகரக்கிறது. மொத்தப் படத்திலும் குலை நடுங்க வைப்பது அந்த இடம் ஒன்றுதான். அலறும்போது அவள் கொலைகாரனைப் பார்க்கவில்லை. கேமராவுக்குப் பின்னால் நிற்கும் தம்பியைப் பார்க்கிறாள். ஷாட் நிற்காமல் ஓடுகிறது. “நீ ரத்தத்துக்கா பயப்படுற? நான் அந்தக் கத்து கத்துறேன், நீ கட் சொல்லல. அது தெரிஞ்சிடும்னுதான பயப்படுற?” தையல் போட்ட கையாலேயே அவள் அந்த ஷாட்டை மறுபடி ஓடவிடுகிறாள். “வெட்டு வாங்குனது நானு. இருக்கட்டும்.” அவன் விரல் இன்னும் டெலீட் பட்டன் மேல்தான் இருக்கிறது. நீங்களாக இருந்தால் அந்த ஷாட்டை வைப்பீர்களா, தூக்குவீர்களா? கீழே எழுதுங்கள்.