பதினேழாம் எண் பாட்டில்

“அவர் குடியை மட்டும் நிறுத்திடாதீங்க டாக்டரம்மா. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்.”

எதிரே இருந்த பெண்மணி கைகூப்பியதும் டாக்டரம்மாவின் மூக்குக் கண்ணாடி நழுவியது. குடியிலிருந்து கணவனை மீட்டுக் கொடுங்கள் என்று அழுதவர்களை அவர் நிறையப் பார்த்திருக்கிறார். குடியைக் கொடுங்கள் என்று கும்பிடுகிற மனைவியைப் பார்ப்பது இதுதான் முதல் தடவை.

டாக்டரம்மா ஊசி போடுகிற டாக்டர் இல்லை, ரசாயன டாக்டர். ஈரல் கெடாமல், மறுநாள் தலை வலிக்காமல், போதை மட்டும் தருகிற ஒரு பானத்துக்காகப் பதினோரு வருடம் சோதனைக் கூடத்தில் தவம் கிடந்தவர். கடைசிக் கட்டமாக, குடித்துப் பழகிய நாற்பது பேரை ஒரு மாதம் தினமும் மாலையில் வரவழைத்தார். அவரவர் எண் ஒட்டிய பாட்டிலிலிருந்து ஆளுக்கு இரண்டு கிளாஸ் கொடுத்து, வேனில் ஏற்றி வீட்டில் இறக்கிவிட்டார். வெளியே வேறு எதையும் குடிக்கக் கூடாது. வீட்டில் எப்படி நடந்துகொண்டார்கள் என்று மனைவிமார் நோட்டில் எழுதித் தர வேண்டும்.

வந்திருப்பவர் பதினேழாம் எண்ணின் மனைவி. கணவருக்குக் குடிநீர் நிலையத்தில் வேலை. ஒரு வாய் வைத்தாலே எந்தத் தொட்டித் தண்ணீர் என்று சொல்லிவிடுவார் என்பதால் அங்கே அவருக்குப் பட்டப்பெயரே ‘நாக்கு’. பகலெல்லாம் அந்தத் தண்ணீர், பொழுது சாய்ந்தால் இந்தத் தண்ணி என்று இருபது வருடத்தை ஓட்டியவர்.

அந்த இருபது வருடமும் மனைவிக்குத் தெரிந்தது இரண்டே கணவர்கள்தான். ஏறினால் கத்துகிறவர், இறங்கினால் உம்மென்று இருக்கிறவர். மூன்றாவதாக ஒருவரை இந்த ஒரு மாதமாகத்தான் பார்க்கிறார்.

நோட்டைப் புரட்டினால் தெரியும். நான்காம் நாள்: ‘தள்ளாடிக்கொண்டே பாத்திரம் தேய்த்தார். என் அம்மா கொடுத்த கண்ணாடி டம்ளர் ஆறும் பத்திரம்.’ ஒன்பதாம் நாள்: ‘சமையல் நன்றாக இருக்கிறது என்றார். காதில் கோளாறோ என்று மறுபடி கேட்டேன். மறுபடியும் அதையே சொன்னார்.’ இருபதாம் நாள்: ‘என் கால் வீக்கத்துக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுத்தார். நான் தூங்கும்வரை கொடுத்தார்.’

மாடியில் குடியிருக்கும் கணவரின் அண்ணன்கூட ஒருநாள் இறங்கி வந்து பார்த்தாராம். ஆண்பிள்ளை பாத்திரத்தைத் தொட்டால் குடும்ப மானமே கப்பலேறிவிட்டது என்று ஊரைக் கூட்டுகிற மனிதர். தம்பி ஆடுகிற ஆட்டத்தைப் பார்த்துவிட்டு, போதையில் செய்கிறான், போகட்டும் என்று பெருந்தன்மையோடு மாடியேறிப் போனாராம்.

“இன்னிக்கோட சோதனை முடியுதாமே. நாளைக்கு மறுபடி பழைய கடைக்குத்தான் போவாரு. மறுபடி அந்த மூஞ்சியைத்தானே நான் பார்த்துக்கிட்டு இருக்கணும்?” சொல்லும்போதே அழுதுவிட்டார்.

டாக்டரம்மாவுக்கும் அழுகைதான் வந்தது. காரணம் வேறு. இந்த நோட்டைத்தான் தன் அறிக்கையின் முதல் பக்கத்தில் போட்டு, என் பானம் மனிதனைத் தங்கமாக்கும் என்று எழுதி வைத்திருந்தார். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக நாற்பதில் பாதிப் பேருக்கு வெறும் தண்ணீரில் நிறமும் கசப்பும் சேர்த்துத்தான் கொடுத்திருந்தார்கள். யாருக்கு எது என்ற பட்டியல் இன்று காலை உறையைப் பிரிக்கும்வரை அவருக்கே தெரியாது. பிள்ளையார் பிடிக்கப்போய்க் குரங்கான கதையாக, பதினேழாம் எண் தண்ணீர்க் கட்சியில் இருந்தார்.

மனசு கேட்காமல் அதை மனைவியிடம் சொல்லிவிட்டார். அப்படியானால் அத்தனை தள்ளாட்டமும் எதனால் என்று அவர் திகைத்தார். போதை என்று நம்பிக் குடித்தால் சிலருக்குத் தண்ணீரே ஏறும் என்றார் டாக்டரம்மா.

மனைவி மூக்கைச் சிந்திவிட்டு நிமிர்ந்தார்.

“அப்ப உடம்புக்கும் நல்லதாப் போச்சு. அந்தத் தண்ணியையே குடுங்க. அவர்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. பாவம், நம்பிக் குடிக்கிறாரு.”

பதினோரு வருட உழைப்பில் இந்த ஒரு குடும்பமாவது நன்றாக இருக்கட்டும் என்று டாக்டரம்மா தலையாட்டினார். மனைவி கணவன் கண்ணில் படாமல் பின்பக்கப் படி வழியாக இறங்கிப் போனார்.

கால் மணி நேரத்தில் பதினேழாம் எண் கடைசி ரத்தப் பரிசோதனைக்கு வந்து சேர்ந்தார். ஒரு மாதமாக ரத்தத்தில் ஒரு சொட்டுச் சாராயம் இல்லை. முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் கோப்பைப் புரட்டியபடியே, அவருக்கு மட்டும் சோதனையை இன்னும் மூன்று மாதம் நீட்டித்திருப்பதாக டாக்டரம்மா சொன்னார்.

மனிதருக்கு முகமெல்லாம் பல்லாயிற்று. அடுத்த நொடியே ஏதோ கவலை வந்துவிட்டது. எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து, மேஜைமேல் குனிந்தார்.

“அதே பாட்டில்தானே?”

“அதேதான்.”

“மறந்துபோய் நிஜச் சரக்கை ஊத்திடாதீங்க டாக்டரம்மா. டம்ளர் உடைஞ்சா அவ தாங்க மாட்டா.”