கடைசி மெஷின்

"டீச்சர், எங்க மாரிசெல்வியை ஒருக்கா வெளிய கூப்பிடுங்க. கண்ணால பார்த்துட்டுப் போயிருறேன்."

மூச்சிரைக்க வந்து நின்றாள் ஆவுடைத்தாய். சற்றுமுன் கேட்ட வெடிச்சத்தத்தில் பள்ளிக்கூடத்து ஜன்னல்களெல்லாம் குலுங்கி அடங்கியிருந்தன. மேற்கே, பட்டாசுக் கம்பெனிப் பக்கம், புகை எழும்பி அசையாமல் நின்றது. ஊர்ச்சனம் அங்கே ஓட, இவள் மட்டும் அரசு மேல்நிலைப் பள்ளிக்கு ஓடி வந்திருந்தாள்.

"பிளஸ் டூவுக்கு பிராக்டிக்கல் நடக்குதும்மா," என்றாள் தையல் பிரிவு ஆசிரியை பொன்னுத்தங்கம். "நீங்க வீட்டுக்குப் போங்க. சாயங்காலம் வந்துருவா."

"இங்கனதான இருக்கா?"

பொன்னுத்தங்கம் கையிலிருந்த ரெஜிஸ்டரை மூடினாள். "இருக்கா."

"அப்ப ஒரு நிமிஷம் வரச் சொல்லுங்க. அவ அப்பன் வெடிவிபத்துல போனதுக்கப்புறம், எம்மகளை அந்தக் கம்பெனி வாசப்படியே மிதிக்க விடக்கூடாதுன்னுதான் இந்தத் தையல் குரூப்புல சேர்த்தேன். இருந்தாலும் சத்தம் கேட்டா பெத்த வயிறு சும்மா இருக்குதா?"

மறுக்க வழியில்லை. பொன்னுத்தங்கம் தையல் ஹாலை நோக்கி நடந்தாள்.

பிள்ளைகள் எல்லாம் புகை பார்க்க மைதானத்துக்கு ஓடியிருந்தார்கள். ஆளில்லாத ஹாலில் ஒரே ஒரு மெஷின் மட்டும் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது.

கடைசி வரிசை. கடைசி மெஷின். குனிந்த தலையோடு மாரிசெல்வி.

பொன்னுத்தங்கத்துக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "ஏய், உங்கம்மா வந்திருக்காக. போ, போ!"

மகளைக் கண்டதும் ஆவுடைத்தாய் அவள் கன்னத்தை வழித்துத் தன் நெற்றியில் சொடுக்கினாள். பிறகு கையைப் பிடித்துப் பார்த்தாள்.

"என்னடி, விரலெல்லாம் வெள்ளி மாதிரி மினுங்குது?"

"ஜரிகை தைச்சேன்மா."

"தைக்கிறேன்னு சோத்தை மறந்துறாத. தூக்குவாளியில மேல குழம்பு, கீழ சோறு. போன தடவை மாதிரி கவுத்துத் தொலைக்காத." சிரித்தபடி முந்தானையை உதறிச் செருகினாள். "நான் அங்கன போய் ஒரு எட்டு பார்த்துட்டு வாறேன் டீச்சர். யாரு பெத்த பிள்ளைகளோ, பாவம்!"

அவள் கேட்டைத் தாண்டும்வரை பார்த்துவிட்டு, பொன்னுத்தங்கம் ஹாலுக்குள் வந்தாள். மாரிசெல்வி மறுபடி மெஷினில் உட்கார்ந்திருந்தாள்.

"நல்லவேளைடி! காலையில உன்னைக் காணோம்னதும், உங்கம்மாவுக்குத் தெரியாம கம்பெனிக்குத்தான் நீ போயிருக்கன்னு நினைச்சேன். வழக்கம்போல நானே ரெஜிஸ்டர்ல நீ வந்ததாப் போட்டுட்டேன். இன்னைக்குப் போகலையா நீ?"

மாரிசெல்வி தலை நிமிரவில்லை.

"போனேன் டீச்சர். எங்க வெள்ளி மருந்து ரூம்ல ஒருத்தரும் மிஞ்சல. ஆனா நான் இங்கன இருக்கேன்னு நீங்க அம்மாகிட்ட சொன்னீக. உங்க பேச்சு பொய்யாயிரக் கூடாதுல்ல, அதான் வந்தேன்."